சைகோனிலிருந்து வந்த சிவப்பு வண்டி

காருக்கு முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கச் சொன்ன ஊர் இது. கோயில் தேருக்கு முன்னால் நிற்கச் சொன்னால் நிற்பேன். கண்டனூரில் ஒரு செட்டியார் வீட்டுப் பின்கட்டில், நாலு டயரிலும் காற்று இறங்கி, எலி குடியிருந்த ஓர் அமெரிக்க ஸ்போர்ட்ஸ் காருக்கு முன்னால் நிற்கச் சொன்னார்கள். ஏழு மாதம் வெறுங்காலோடு அதன் அடியில் படுத்து எழுந்தேன். ரங்கூனில் ஒரே அறையில் நாங்கள் ஒன்பது பேர் படுத்திருந்தோம். இங்கே ஒரு காருக்கு அந்த அறையைப் போல மூன்று மடங்கு இடம். மேலே தேக்கு உத்தரம். அந்தத் தேக்கும் பர்மாவிலிருந்து வந்ததுதான். அண்ணாந்து பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பர்மா மரத்துக்கு இங்கே இடம் உண்டு. பர்மாவிலிருந்து வந்த மனிதனுக்கு அகதி முகாமில் ஒரு சாக்குத் தடுப்புதான் கிடைத்தது.

உங்களில் பலர் அறுபத்து நாலில் என்னோடு கப்பலில் வந்தவர்கள். என்ன கொண்டுவந்தோம் என்று உங்களுக்குத் தெரியும். என் ஒர்க்ஷாப்பை அந்த நாட்டு அரசாங்கம் எடுத்துக்கொண்டது. கையில் கட்டியிருந்த வாட்ச்சைத் துறைமுகத்தில் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். இந்தக் காரும் கப்பலில் வந்ததுதான். சைகோனில் கடை வைத்திருந்த செட்டியார் ஊர் திரும்பும்போது மரப்பெட்டியில் அடைத்துக் கொண்டுவந்தார். வாசலில் இறங்கியதும் மாலை போட்டுத் தேங்காய் உடைத்தார்களாம். எனக்கு இறங்கியதும் கையில் ஊசி போட்டார்கள். ஒரு காரைப் பார்த்துப் பொறாமைப்பட்ட ஆள் நான். சொல்ல வெட்கமில்லை.

செட்டியார் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி, வீட்டை ஒற்றை ஆளாகக் கட்டிக் காக்கும் ஆச்சி, வண்டியைப் பழுது பார்த்து விற்க நினைத்தார். அமெரிக்க வண்டி தெரிந்த ஆள் வேண்டும் என்று தேடி, காரைக்குடியில் லாரிக்கு ஸ்பிரிங் பட்டை அடித்துக்கொண்டிருந்த என்னைக் கூப்பிட்டார். முதல் நாளே கேட்டார்.

“பர்மாக்காரரே, உங்களுக்குச் சொந்த ஊரு எது?”

“ரங்கூன்தான் ஆச்சி.”

“அது கொண்டுவிக்கப் போன ஊருல்ல? சொந்த ஊரைக் கேட்டேன்.”

“நான் பொறந்ததே அங்கதான்.”

“பொறந்தா? எங்க சின்ன மகன்கூட சைகோன்லதான் பொறந்தான். அதுக்காக அது அவன் ஊராயிருமா?” என்று சிரித்தார். அவருக்கு வெளிநாடு என்றால் வியாபாரத்துக்குப் போய்த் திரும்பும் இடம். போனவன் திரும்ப ஒரு வீடு இங்கே காத்திருக்கும். எனக்கு எந்த வீடு காத்திருந்தது? சொன்னாலும் புரியாது. வண்டிக்கு அடியில் நுழைந்தேன்.

அந்த வண்டியின் உடம்பு இரும்பு இல்லை, ஃபைபர் கிளாஸ். முன் மூடியில் ஒரு பெரிய விரிசல் ஓடியிருந்தது. காரணம் விபத்து அல்ல. இந்த வீடுகளில் கரண்டி முதல் அண்டா வரை எல்லாவற்றிலும் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்துகளை உளியால் வெட்டி வைப்பார்கள். கார் வந்ததும் அதையும் ஒரு பாத்திரமாக நினைத்து, பேர் வெட்டும் ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள். அவன் தகரம் என்று நினைத்து உளியை வைத்துத் தட்டியிருக்கிறான். இரண்டு எழுத்து விழுந்தது, மூன்றாவதில் மூடி பிளந்துவிட்டது. எவனோ ஓர் அமெரிக்கன் வருஷக்கணக்கில் யோசித்துச் செய்த உடம்பு! விரிசலை அடைத்துவிட்டு எழுத்தையும் அழித்துவிடலாம் என்றேன். ஆச்சி ஒத்துக்கொள்ளவில்லை. “பேரு இல்லாத சாமான் எங்க வீட்டு வாசலைத் தாண்டாது. அவுக பேரு இருக்கட்டும்” என்றார். மூன்றாவது எழுத்தையும் நானே வெள்ளி நிறத்தில் எழுதிச் சேர்த்தேன்.

ஏழு மாதம் நான் உழைத்தது கூலிக்காக இல்லை. “வாங்குறவுகளுக்கு இந்த வண்டியப் பத்தி என்ன தெரியும்? வண்டியோட உங்களையும் அனுப்பி வைக்கிறேன்” என்று ஆச்சி வாக்குக் கொடுத்திருந்தார். யார் வாங்கினாலும் பெரிய ஊருக்குத்தான் வண்டி போகும். நானும் போவேன். இந்தப் பூட்டிய வீடுகளை விட்டுத் தொலைவேன். அதற்காகத்தான் ஒவ்வொரு திருகையும் மண்ணெண்ணெயில் கழுவினேன். முதலில் வந்தது வலையபட்டிக்காரர். வண்டியைச் சுற்றி வந்தார். “பின்சீட்டு எங்க?” என்றார். ரெண்டு சீட்டுதான் என்றேன். “ரெண்டு பேரு போறதுக்கு எதுக்குய்யா காரு? பொண்ணழைக்கப் போனா மாப்பிள்ளையும் டிரைவரும் போவாக, மாமனார் பின்னாடியே ஓடி வரணுமாக்கும்!” எழுத்தை அழித்துத் தரவும் கேட்டார். ஆச்சி எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்து மெட்ராஸிலிருந்து ஓர் ஆள் வந்தான். சஃபாரி சூட், கறுப்புக் கண்ணாடி. என்னைப் பார்த்ததும் கண்ணாடியைக் கழற்றி, “சயா!” என்று கத்தினான்.

பர்மாவில் ஒர்க்ஷாப் தலைமை மெக்கானிக்கை அப்படித்தான் கூப்பிடுவார்கள். வந்தவன் மாரியப்பன். ரங்கூனில் என்னிடம் சம்பளத்துக்கு இருந்தவன். கிளட்ச் தட்டைத் தலைகீழாக மாட்டி என்னிடம் ஸ்பானரால் அடி வாங்கியவன். நான் வந்த அதே கப்பலில் வந்தவன். அவன் மெட்ராஸில் வெளிநாட்டுச் சாமான் கடை போட்டு மூன்று கடை ஆக்கிவிட்டான். நான் காரைக்குடியில் லாரி அடியில் கிடந்தேன். ஆச்சி அவனுக்கு நாற்காலி போடச் சொன்னார். ஏழு மாதத்தில் எனக்கு ஒரு முக்காலி போட்டதில்லை. அவன் மூடியில் இருந்த எழுத்தைத் தடவிப் பார்த்தான். “ஐயா பேரா ஆச்சி? இருந்துட்டுப் போகட்டும். எனக்குன்னு பேரு வெட்டிக்க என்ன இருக்கு?” என்றான். ஆச்சிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்த ஒரு வார்த்தையில் வண்டி அவனுடையது. மறுநாள் ஓட்டிப் பார்த்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லிப் போனான்.

அவன் போனதும் நான் ஒரு காரியம் செய்தேன். கார்பரேட்டரில் பெட்ரோல் அளவைச் சரிசெய்யும் திருகை அரைச் சுற்றுத் திருப்பினேன். வண்டி இருமட்டும், புகையட்டும், அவன் வேண்டாம் என்று போகட்டும். வேறு யாராவது வாங்கினால் போதும், அவன் மட்டும் வாங்கக் கூடாது. காலையில் சாவியைத் திருப்பினான். வண்டி ஒருமுறை இருமியது. அவன் என்னைப் பார்க்கவே இல்லை. மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, சின்ன ஸ்க்ரூ டிரைவரால் அதே அரைச் சுற்றைத் திரும்ப வைத்தான். “ஒண்ணுமில்ல ஆச்சி, ரொம்ப நாள் சும்மா நின்ன வண்டில்ல” என்றான். காட்டிக்கொடுத்திருந்தால் அவனை மன்னித்திருப்பேன்.

பணம் கைமாறியது. திருமயம் வரை நான் ஓட்டிக் காட்டினேன். அந்த வண்டியில் ஸ்டீயரிங் இடது பக்கம். நம் நாட்டில் முதலாளி உட்காரும் இடத்தில் நான், டிரைவர் இடத்தில் அவன். ரயில்வே கேட்டில் கேட் கீப்பர் எனக்குச் சலாம் வைத்தான்.

“பாத்தீகளா சயா, சலாம் உங்களுக்குத்தான்” என்று மாரியப்பன் சிரித்தான்.

லாரிக்குப் பின்னால் போனால் எனக்கு லாரியின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிரே வருவது வலது பக்கம் இருக்கிறவனுக்குத்தான் தெரியும். அவன் “இருங்க” என்றால் இருந்தேன், “போலாம்” என்றால் போனேன். என் உயிர் அவன் வாயில் இருந்தது. திருமயம் கோட்டை தெரிந்தபோது சொன்னான்: “அப்படியே மெட்ராஸ் வந்துருங்க. ஒர்க்ஷாப் போட்டுத் தாரேன். நீங்க வச்சதுதான் சட்டம்.”

நான் ஏங்கியது அப்படியே கைக்கு வந்தது.

“சம்பளம் யாரு குடுப்பா?” என்றேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். “நான்தான் சயா. வேற யாரு?”

வண்டியை ஓரங்கட்டி இறங்கினேன். அவன் கூப்பிட்டான். இரண்டு தரம் கூப்பிட்டான். பிறகு இடது பக்கம் நகர்ந்து உட்கார்ந்து ஓட்டிப் போனான். நான் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். அவன் முன்னால் ஒரு வைக்கோல் லாரி. சிவப்பு வண்டி நடு ரோட்டுக்கு மூக்கை நீட்டுவதும் பயந்து உள்ளே போவதுமாக இருந்தது. பார்த்துச் சொல்ல வலது பக்கம் ஆள் இல்லை. நான் நின்ற இடத்திலிருந்து ரோடு முழுக்கத் தெரிந்தது. எதிரே ஒரு பஸ் வந்துகொண்டிருந்தது. “இருடா, இரு” என்றேன். பஸ் அவனைத் தாண்டியது. “இப்பப் போ” என்றேன். பக்கத்தில் மூட்டையோடு நின்றவர், “யாருகிட்டய்யா பேசுறீக?” என்றார்.

அந்தப் பஸ்தான் எங்களிடம் வந்து நின்றது. காரைக்குடி போர்டு. ஏறினேன். இடது பக்கமும் சீட்டு இருந்தது, வலது பக்கமும் இருந்தது. ஊர் வரும்வரை நின்றுகொண்டே வந்தேன்.