ஹலோ மாட்டிக் கொடுத்த மைக்

அவனுக்கு அம்மா அப்பா வைத்த பெயர் ஒன்று உண்டு. எனக்கே அது சட்டென்று ஞாபகம் வராது. பதினெட்டு வருஷமாக மேடைக்கு மேடை ஏறி "ஹலோ, ஹலோ, ஒன்னு, ரெண்டு, மூணு" என்று சொல்லிச் சொல்லி, ஹலோ என்பதே பேராகிவிட்டது. அவன் பெண்டாட்டிகூட "ஹலோ சாப்பிட்டாரா?" என்றுதான் என்னிடம் போனில் கேட்பாள்.

நான் நாற்காலி வாடகைக்கு விடுகிறவன். எங்கே கூட்டம் நடந்தாலும் உட்கார என் நாற்காலி, கேட்க அவன் மைக் செட். இந்த ஊரில் பேசப்பட்ட அத்தனை பேச்சையும் நாங்கள் இரண்டு பேரும் கேட்டிருக்கிறோம். ஒன்றையும் மண்டையில் ஏற்றிக்கொண்டதில்லை.

தொழிலில் அவனைக் குறை சொல்ல முடியாது. பேசுகிறவர் இருமப் போகிறார் என்றால், அவருக்குத் தெரிவதற்கு முன்னால் இவனுக்குத் தெரிந்துவிடும்; குமிழைத் திருகிவிடுவான். மேடையை விட்டு இறங்குகிறவரின் கால் இரண்டாவது படியில் படுவதற்குள் அவருடைய காலர் மைக்கை அணைத்துவிட வேண்டும் என்பது அவன் சட்டம். மேடையில் பேசுவது வேறு, இறங்கிய பிறகு பேசுவது வேறு, இரண்டாவதை ஊர் கேட்டால் ஊர் தாங்காது என்பான்.

அவனுக்கு ஒரே மகள். நாலு வயது. வீட்டில் அவளுக்கு வாயாடி என்று பெயர். நான் போனால் போதும், மடியில் ஏறிக்கொண்டு, "பெரியப்பா, நாள் பூரா நிக்குதே, உங்க நாற்காலிக்கெல்லாம் கால் வலிக்காதா?" என்று ஆரம்பித்துவிடுவாள். பதில் சொல்லி மாளாது.

அந்த வாயாடி மழலைப் பள்ளியில் சேர்ந்து ஏழு மாதம் ஆகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், ஒரே ஒரு வார்த்தை இல்லை. மற்றப் பிள்ளைகள் பேசாமடந்தை என்று பேர் வைத்தார்கள். டீச்சர் தங்கமானவர். கொஞ்சிப் பார்த்தார், பொம்மை கொடுத்துப் பார்த்தார், கடைசியில் ஹலோவைக் கூப்பிட்டு ஒரு படிவத்தைக் காட்டினார். அதில் இரண்டு விஷயம் எழுதியிருந்தது. ஒன்று, குழந்தை பேசுவதில்லை. இரண்டு, பாத்ரூம் போகக் கேட்பதில்லை, உடையிலேயே போய்விடுகிறாள்.

"வீட்ல காது கிழியற மாதிரி பேசுறாம்மா" என்றான் ஹலோ.

"நம்புறேன் சார். ஆனா நான் இங்க பாக்கிறதைத்தானே எழுத முடியும். வெள்ளிக்கிழமை இதை அனுப்பியாகணும். பேச வராத பிள்ளைங்களுக்குன்னு தனிப் பள்ளி இருக்கு. நல்ல பள்ளிதான்."

நல்ல பள்ளிதான். பஸ்ஸில் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். பேசத் தெரிந்த பிள்ளையை அங்கே கொண்டுபோய் விடுவதை நினைத்து ஹலோ பாதி ஆளாகிவிட்டான். வீட்டில் கெஞ்சினான், மிட்டாய் வாங்கிக் கொடுத்தான், "ஏன்டா கண்ணு பேச மாட்டேங்கிற?" என்று கேட்டான். அந்தக் கேள்விக்கு மட்டும் வாயாடி வாயைத் திறக்கவில்லை.

வெள்ளிக்கு இரண்டு நாள் முன்னால் ஆணையர் அம்மா வந்தார். மழலைக் கல்விக்கு அவர்தான் மாநிலத்துக்கே மேலதிகாரி. அந்த வருஷம் அறையில் உட்காராமல் தெருத் தெருவாகப் போய்க்கொண்டிருந்தார். ஒவ்வொரு பிள்ளையும் தன் வீட்டில் பாடுகிற ஒரு பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுவர வேண்டும், வாரம் ஒருநாள் பெற்றவர்களும் வந்து உட்கார்ந்து பாட வேண்டும் என்பது அவருடைய புதுத் திட்டம். அதைத் தொடங்கி வைக்கத்தான் எங்கள் பள்ளிக்கு வந்தார். முற்றத்தில் என் நாற்காலி இருநூறு. இரண்டு மூலையிலும் ஹலோவின் ஆளுயர ஸ்பீக்கர் பெட்டிகள். ஆணையர் அம்மாவின் சால்வைக்கு உள்ளே காலர் மைக்.

பேசி முடித்து, உள்ளே ஆயாவோடு இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிறேன் என்று அவர் எழுந்தார். அந்த நேரம் பார்த்து இரண்டு பெட்டியும் செத்துப்போயின. குற்றம் என்னுடையது. என் நாற்காலிக் கால் ஒன்று அவன் வயரின் இணைப்பைப் பிடுங்கிவிட்டிருந்தது. ஹலோ, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, என்னைத் திட்டிக்கொண்டே நாற்காலிகளுக்கு அடியில் தவழ்ந்து இணைப்பைத் தேடினான். கால் மணி நேரம் ஆயிற்று. இரண்டாவது படி, காலர் மைக், எல்லாம் அவனுக்கு மறந்துபோனது. பதினெட்டு வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

இணைப்பைச் செருகினான். பெட்டிகளிலிருந்து குழாயில் தண்ணீர் கொட்டும் சத்தம் வந்தது. வகுப்புக்குப் பின்னால் கை கழுவும் இடம் ஒன்று உண்டு. அங்கிருந்துதான். பிறகு ஆணையர் அம்மாவின் குரல்.

"உள்ள எல்லாரும் பாடினாங்களே. நீ மட்டும் ஏன் கண்ணு பாடல?"

ஹலோ பதறி எழுந்து மிக்சரைப் பார்த்து ஓடினான். நாலு எட்டு வைத்திருப்பான்.

"அங்க மைக் இருக்கு."

வாயாடியின் குரல். ஹலோ நின்ற இடத்திலேயே நின்றுவிட்டான்.

"மைக் இருந்தா என்னடா?"

"மைக் இருக்கிற எடத்துல நான் வாயத் தொறந்தா அப்பாவுக்கு வேலை போயிடும்."

"யாரு சொன்னா அப்படி?"

"அப்பாதான். ஒண்ணுக்கு வந்தாக்கூடச் சொல்லக் கூடாது. அன்னிக்கு அதைச் சொன்னதுக்குத்தான் அப்பாவை எல்லாரும் திட்டினாங்க."

"அப்போ இங்க மட்டும் பேசுறியே?"

"இங்கதான் மைக் இல்லையே."

இருநூறு பேர் அதைக் கேட்டார்கள். முன்வரிசையில் இருந்த டீச்சரின் முகத்தில் ஈயாடவில்லை.

எனக்கு அந்த அன்னிக்கு எந்த அன்னிக்கு என்று தெரியும். போன வருஷம் ஒரு பெரிய மைதானக் கூட்டம். வீட்டில் யாரும் இல்லையென்று பிள்ளையைக் கூட்டி வந்திருந்தான். தலைவர் எழுந்து பேச வருவதற்குள் அவள் மேடையேறி மைக்கைப் பிடித்து, "அப்பா, ஒண்ணுக்கு வருது" என்றாள். மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. கூட்டம் நடத்தியவர்கள் ஹலோவை நாயைவிடக் கேவலமாகப் பேசினார்கள். அவன் அந்த ஆத்திரத்தை அப்படியே பிள்ளையிடம் கொட்டினான். நான் பக்கத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். அதற்கப்புறம் போகிற இடமெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பு மூட்டியவனும் நான்தான், அவள் என் மடியில் இருக்கும்போதே.

வகுப்பறை மைக்கும் ஞாபகம் வந்தது. காலைப் பாட்டுக்கென்று சுவரில் ஒரு சின்னப் பெட்டியும் மைக்கும் இருக்கின்றன. மகள் சேருகிற பள்ளிக்குத் தன் அன்பளிப்பு என்று, அவள் சேர்வதற்கு இரண்டு நாள் முன்னால் ஹலோவே போய் மாட்டிக் கொடுத்தான். ஏணியை நான் பிடித்தேன்.

ஹலோ மிக்சரை அணைத்துவிட்டுப் பின்பக்கம் ஓடினான். நானும் டீச்சரும் பின்னாலேயே ஓடினோம். குழாயடியில் ஆணையர் அம்மா முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். வாயாடி அப்பாவைப் பார்த்தாள். பார்த்ததும் ஈரக் கை இரண்டாலும் வாயை இறுக்கிப் பொத்திக்கொண்டாள்.

அவன் தன் கையைப் பார்த்தான். மிக்சர் மேலிருந்த கைமைக்கைத் தூக்கிக்கொண்டே ஓடிவந்திருந்தான். எங்கே ஓடினாலும் அதைத் தூக்கிக்கொண்டு ஓடுவது அவன் பழக்கம்.

ஆணையர் அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. சால்வையைத் தொட்டுப் பார்த்தார். "வெளியில கேட்டுதா?"

"கேட்டுதும்மா. தப்பு என்னோடதுதான்" என்றான் ஹலோ. எந்தத் தப்பைச் சொன்னான் என்று அவர் கேட்கவில்லை. காலர் மைக்கைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

ஹலோ வகுப்புக்குள் போனான். பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து, குட்டி நாற்காலி மேல் ஏறி, சுவரில் இருந்த பெட்டியையும் மைக்கையும் கழற்றினான். அவளை வரச் சொல்லவில்லை, பேசச் சொல்லவில்லை. கழற்றியதை வெளியே கொண்டுபோய் என் வண்டியில் போட்டுவிட்டு, வெறுங்கையை அவளுக்கு விரித்துக் காட்டினான்.

வாயாடி உள்ளே வந்தாள். சுவரில் இருந்த நாலு ஓட்டையையும் அண்ணாந்து பார்த்தாள். அலமாரிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். மைக் செட்டுக்காரன் பிள்ளை, எங்கெங்கே ஒளித்து வைப்பார்கள் என்று தெரியும். பிறகு டீச்சரிடம் போய் அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"டீச்சர், ஒண்ணுக்கு வருது."

போன வருஷம் இதே பேச்சுக்கு ஒரு மைதானமே சிரித்தது. இப்போது யாரும் சிரிக்கவில்லை. டீச்சர் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

ஹலோ குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். நாலு திருகாணியும் அவன் உள்ளங்கையில் இருந்தன. அவற்றை எண்ணுகிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏழு மாசம்ணே" என்றான். "அடக்கிக்கிட்டே உக்காந்திருந்திருக்கா."

முற்றத்தில் நாற்காலி மடிக்க ஆள் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை.