தங்கமணியின் போனுக்கு வரும் நம்பர்

செய்தி வந்தபோது இரவு ஏழே முக்கால். பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் குமுதா நாடகத்தை நிறுத்தி வைத்துவிட்டுத் தங்கையின் அழைப்புக்காகக் காத்திருந்தாள். கிள்ளானில் தங்கமணியும் அதே நாடகத்தை அதே இடத்தில் நிறுத்தி வைத்திருப்பாள். "ரெடியா? போடு" என்று போனில் சொல்லிக்கொண்டு இருவரும் ஒன்றாக ஓடவிடுவார்கள். நாடகத்து மாமியாரை ஒன்றாகத் திட்டுவார்கள். அன்று அழைத்தது தங்கமணியின் கணவன் லோகன்.

"அக்கா, மணி குளிக்கப் போனா. விழுந்துட்டா. ஆம்புலன்ஸ்காரங்க வந்து பாத்துட்டாங்க. இல்லக்கா."

"சரி மாப்ள" என்றாள் குமுதா. மகள் விஷ்ணுப்ரியாதான் தொலைக்காட்சியை அணைத்து, கார் சாவியைத் தேடியெடுத்து, அம்மாவின் காலில் செருப்பை மாட்டிவிட்டாள்.

குமுதாவுக்கு அறுபது நெருங்குகிறது. ரயில்வேயில் இருந்த கணவர் போய் வெகுகாலம் ஆகிறது. அதற்குப் பிறகு வாழை இலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் கல்லாவில் உட்கார்ந்துதான் மகளைப் படிக்க வைத்தாள். தங்கையின் சாவு வீட்டில், அழுகிறவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. மறுவாரம் கடைக்குப் போனாள். மீதிச் சில்லறையைச் சரியாகவே கொடுத்தாள்.

கருமாதி முடிகிறவரை வீட்டில் தொலைக்காட்சி போடவில்லை. முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் போட்டபோது, இந்தத் தொலைக்காட்சி உங்கள் வீட்டைச் சேர்ந்ததல்ல என்று திரை சொன்னது. மாதச் சந்தா கட்டுகிற அந்த ஓடிடி தங்கமணி பேரில் இருந்தது. அக்காவுக்கென்று அதில் ஓர் இடம் ஒதுக்கி, 'அக்கா' என்றே பெயர் போட்டுக் கொடுத்திருந்தாள். வேறு வீட்டிலிருந்து பார்ப்பதை நிறுவனம் இப்போதெல்லாம் கண்டுபிடித்துவிடுகிறது. தொடர்ந்து பார்க்க வேண்டுமென்றால் தங்கமணியின் போனுக்கு வரும் நம்பரைப் போட வேண்டும்.

குமுதா லோகனை அழைத்தாள்.

"மாப்ள, மணி போனுக்கு டேக் நம்பர், டிவில போடற நம்பர், ஏதும் வந்திருக்கா?"

"இருங்கக்கா." செருப்புச் சத்தம் போய், திரும்பி வந்தது. துறைமுகத்தில் வேலை பார்த்த பழக்கம், லோகனுக்கு எண்கள் மலாயில்தான் வரும். "தீகா. கோசோங். லாப்பான். சத்து."

"வந்திருச்சு."

"சாப்டீங்களாக்கா?"

"ஆச்சு."

சில நாளுக்கு ஒருமுறை திரை மறுபடி கேட்கும். குமுதா மறுபடி அழைப்பாள். பேச்சு அதற்கு மேல் வளர்ந்ததில்லை.

கடையில் இலை போடுகிற இராஜம்மாவுக்கு இது வேடிக்கையாக இருந்தது. "எதுக்கு குமுதா இந்தப் பாடு? என் மருமகன் டிவிக்கு ஒரு திருட்டுப் பெட்டி வாங்கி மாட்டியிருக்கான். உலகமே வருது அதுல. போன வாரம் ஒரு கொரியாக்காரன் தமிழ் பேசறான்லா!"

"போலீஸ் புடிச்சா?"

"வரட்டும். அவங்களும் உக்காந்து பாப்பாங்க."

வீட்டில் இதைச் சொன்னபோது விஷ்ணுப்ரியா சிரிக்கவில்லை. "சித்தப்பாவ எத்தன தடவமா டிஸ்டர்ப் பண்ணுவ? சொந்தமா ஒன்னு எடுத்துக்கலாம்லா. அப்படியும் நீ எங்க பாக்கற? அத ஓடவிட்டுட்டு செவுத்தப் பாத்துக்கிட்டு இருக்க."

உண்மைதான். அந்த நாடகத்தை அவள் விட்ட இடத்திலிருந்து தொடவேயில்லை. ஏதோ ஒரு சமையல் போட்டி, சத்தம் குறைத்து, ஓடிக்கொண்டிருக்கும். நம்பர் கேட்கும்போது கிள்ளானில் அந்தப் போன் ஒலிக்கும். யாரோ ஒருவர் அதைக் கையில் எடுப்பார்கள். அதற்காகத்தான் தொலைக்காட்சியையே போட்டாள். இதை மகளிடம் சொல்லும் அளவுக்கு அவளுக்குத் தெம்பில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை லோகனே அழைத்தான். அவனாக அழைத்தது அந்த இரவுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை.

"அக்கா, நம்ம பையன் விமலன் பிஜேலேர்ந்து வந்திருந்தான். அம்மா போன் லைன நிறுத்திடலாங்கறான். அந்த ஓடிடியையும் சேத்துதான். நீங்க பாக்கறீங்கன்னு நான்தான் வேணான்னேன். எடுத்துட்டா உங்களுக்குக் கஷ்டமா?"

குமுதா போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"இல்லன்னா வச்சிருக்கேங்க்கா. சார்ஜ் போட்டு ஹால்லயே வச்சிருக்கேன். உங்க நம்பரத் தவிர அதுல ஒன்னும் வர்றதில்ல." கொஞ்சம் இருமினான். "ஒன்னே ஒன்னுதான். அது சத்தம் போட்டா எடுத்துக்கிட்டு நேரா குசினிக்கு, அடுப்புகிட்டப் போயிடறேன், அவகிட்ட குடுக்க. ஒவ்வொரு தடவையும். அங்க போய் நின்னப்புறந்தான் தெரியுது."

தொலைவில் மோனோரயில் போகிற சத்தம் கேட்டது. குமுதா ஜன்னலைச் சாத்தினாள்.

"நிறுத்திடுங்க மாப்ள."

"உங்களுக்கு?"

"விஷ்ணு புதுசா எடுத்துக் குடுக்கறேன்னு சொல்லிட்டா. நேத்தே சொல்லிட்டா."

"அப்பச் சரிக்கா."

வைக்கப்போனவனை அவள் நிறுத்தினாள். "சாப்டீங்களா?"

"இல்லக்கா. இனிமேதான்."

"சாப்டுங்க. அடுத்த ஞாயித்துக்கிழம நான் வரேன்."

"பஸ்லயா வருவீங்க?"

"கேடிஎம் ரயில்ல வரேன். ஸ்டேஷனுக்கு வந்துடுங்க."

விஷ்ணுப்ரியா காலைப் பசியாறலை முடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். புதுக் கணக்குக்கு அம்மாவின் ஈமெயில், அம்மாவின் வங்கி அட்டை. பெயர் கேட்ட இடத்தில் 'குமுதா' என்று போட்டாள். வங்கிச் செயலியில் குமுதாவே ஒப்புதல் கொடுத்தாள். புதிய கணக்கு திறந்தது. அதற்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவள் எதைப் பார்த்தாள், எந்த இடத்தில் நிறுத்தினாள், எதுவும் அதில் இல்லை.

"அம்மா, இதுல ஒனக்குப் புடிச்சதா மூணு தொடச் சொல்லுது. தொட்டாத்தான் உள்ள விடும்" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டு மகள் துணி காயப்போடப் போனாள்.

படங்கள் வரிசையாக நின்றன. குமுதா இரண்டைத் தொட்டுவிட்டாள்; மூன்றாவதாகத் தொட, தங்கையோடு நிறுத்தி வைத்த அந்த நாடகத்தைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.