மூன்று விரல் தடம்

போனக்காடு தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்தபோது, ஒரு விலங்கின் தடத்தைச் செருப்பால் அழித்தேன். அதனால் ஒரு பெண் இறந்தாள்.

தடத்தைக் காட்டியவர் தோட்டத்துக் காவல்காரர். ஒடிசலான மனிதர், எந்தத் தடத்தையும் உள்ளங்கை வைத்து அளந்த பிறகுதான் பேசுவார்.

"நகம் பதியல, நாயில்ல ஐயா. சிறுத்தை. ஒரு விரலக் காணோம், கண்ணியில போயிருக்கும். நொண்டிச் சிறுத்தை ஆளத்தான் அடிக்கும். பொம்பளையள இன்னைக்குக் கொழுந்தெடுக்க விடாதீங்க."

மேல்காட்டு ஆட்களை எச்சரிக்க அவர் போனார். வேலை நின்றால் துரை ஏசுவாரே என்று நான் தடத்தை அழித்து, நாய்தான் என்று பெண்களை அனுப்பினேன். மாலையில், கொழுந்தெடுக்கப் போயிருந்த காவல்காரரின் மனைவியைப் பிணமாகத் தூக்கிவந்தார்கள்.

வேலையை விட்டு மலையிறங்கி, நகரத்தில் ஸ்ரீவராகத்துக்கு வந்தும் உறக்கமில்லை. ஒருநாள் மலையேறிப் போய் அவரிடம் ஒப்புக்கொண்டேன்.

"அன்னைக்கே தெரியும் ஐயா. ஒங்க செருப்புத்தடம் அங்கன கெடந்துச்சே."

"ஏன் யாரிடமும் சொல்லவில்லை?"

"சொல்லியிருந்தா லயத்து வீடுகள்ல இருக்க தோட்டத்து ஆளுவ ஒங்கள உயிரோட விட்டிருக்க மாட்டாவ."

என்னை அவர் ஏன் உயிரோடு விட்டார் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை.