சின்ன மெஷின் யாருக்கு

முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்தக் கை பிடித்ததெல்லாம் கயிறும் ரம்பமும்தான். எங்கே சின்ன ர, எங்கே பெரிய ற என்பதில் எனக்கு இன்றும் தடுமாற்றம் உண்டு. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு நாக்கு எழாது. அதனால்தான் எழுதுகிறேன்.

அப்போது எனக்குப் பன்னிரண்டு வயது. அப்பா மரம் வெட்டும் காண்டிராக்டர். கூரைமேல் சாய்ந்துவிட்ட மரம், கரண்டுக் கம்பியை உரசுகிற மரம் எல்லாவற்றையும் கிளை கிளையாக அறுத்து இறக்குவது அவர் வேலை. கிள்ளானில் எங்கள் வீட்டு வாசலில் அவருடைய பழைய லோரி நிற்கும்.

பெரியப்பா இறந்த பிறகு அவருடைய மகன் காப்பாரிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். எனக்கு அண்ணன் முறை. பத்தொன்பது வயது. வந்த வாரமே என் கட்டில் அவருக்குப் போனது, நான் பாய்க்கு இறங்கினேன். அம்மா மீன் பொரித்தால் நடுத்துண்டு அவர் தட்டுக்கும் வால்துண்டு என் தட்டுக்கும் வரும். ஏன் என்று கேட்டால், "நீ சின்னப் பையன்தானே, அது போதும்" என்பார் அம்மா. எங்கள் வீட்டுச் சட்டம் அதுதான். பெரியது பெரியவர்களுக்கு, சின்னது சின்னவனுக்கு. தட்டும் அப்படி, குடையும் அப்படி.

ஆகவே ஒருநாள் சாப்பிடும்போது அப்பா, "சின்ன மெஷின் ஒன்னு வாங்கணும்" என்று சொன்னபோது, அது யாருக்கு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. மெஷின் என்றால் எங்கள் தொழிலில் செயின்சா, சங்கிலி ரம்பம்தான். மறுநாள் பள்ளியில் பார்த்தவரிடமெல்லாம் சொன்னேன். மற்ற நாளில் வாத்தியார் என் பெயரைக் கேட்டாலே தலைகுனிகிற பையன் நான்.

சனிக்கிழமை மூன்று பேரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு சீனர், முதலாளி என்ற பொருளில் அவரைத் தவுக்கே என்போம். தோட்டத்து ஆட்களோடு பழகிப் பழகித் தமிழ் பேசுவார். மேசைமேல் இரண்டு மெஷினை எடுத்து வைத்தார். ஒன்றுக்குக் கைப்பிடி பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. இன்னொன்று குட்டையாக இருந்தது, அதன் கைப்பிடி முதுகின் மேலேயே உட்கார்ந்திருந்தது. பார்த்தவுடனே அது என்னுடையது என்று தெரிந்துவிட்டது. என் முழங்கை அளவுதான் இருந்தது.

அப்பா மெஷின் வாங்கும் விதம் வேறு. விலையைக் கடைசியில்தான் கேட்பார். லோரியிலிருந்து மரம் ஏறும் பெல்ட்டை எடுத்து வந்து, அண்ணன் இடுப்பில் மாட்டி, கடைத் தூணைச் சுற்றிக் கயிற்றைப் போட்டுப் பின்னால் சாயச் சொன்னார். அண்ணன் தரையிலேயே மரத்தில் தொங்குபவர்போலச் சாய்ந்து நின்றார். முதலில் பின்பிடி மெஷினைக் கொடுத்து, நெஞ்சளவில் பிடி, முட்டியளவில் பிடி, தலைக்குப் பக்கத்தில் பிடி என்றார். கைகள் இரண்டும் தூரம் தூரமாக விரிந்தன. பின்பிடி ஒருமுறை விலாவில் இடித்தது, ஒருமுறை கயிற்றில் மாட்டியது. பிறகு மேல்பிடி மெஷினைக் கொடுத்தார். அது அண்ணன் நெஞ்சோடு அப்படியே பொருந்திக்கொண்டது.

"இதான்" என்றார் அப்பா.

ஓர் ஓரமாகப் போய், "நானும் ஒரு தடவ பிடிச்சிப் பாக்குறேன்பா" என்றேன்.

தவுக்கே முந்திக்கொண்டார். "பாஸ், தம்பிக்கிக் குடுக்காத லா. சின்னதா இருக்கு, ஆனா பெரிசவிட இதுதான் கெட்டது."

அப்பா அதை அண்ணனுக்கு விளக்கினார். மேல்பிடியில் இரண்டு கையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். சங்கிலி ஓடும் இரும்புப் பட்டையின் நுனி கிளையில் மோதினால் மெஷின் துள்ளி முகத்துக்கு வரும், அமுக்கிப் பிடிக்க இடம் கிடையாது. தரையில் நிற்கிறவனுக்குப் பின்பிடிதான் சரி. மேல்பிடி மரத்தில் இருப்பவனுக்கு மட்டும்.

"மேல பிடி இருக்கிறதுனால ஒத்தக் கையில வெட்டலாம்னு தோணும். கூடாது. ரெண்டு கையும் மெஷின்ல இருக்கணும். ஒத்தக் கையில வெட்டுறன்னு தெரிஞ்சிச்சி, அன்னிக்கே பிடுங்கிருவேன்."

"சரி சித்தப்பா" என்றார் அண்ணன்.

அப்பா சொன்னதில் எனக்கு ஞாபகம் நின்றது பிடுங்கிருவேன் என்ற அந்தக் கடைசி வார்த்தை மட்டும்தான்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அந்த மெஷினுக்கு உறை தைத்தார். எதில் தெரியுமா? என்னுடைய பழைய மழைக்கோட்டில். அண்ணன் அதைக் கட்டிலுக்கு அடியில், அதாவது என் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டார். கீழே பாயில் படுத்திருக்கும் எனக்கு நேர் எதிரே அது இருந்தது. பள்ளியில் பையன்கள், "என்னடா, ஒன் மெஷின் எத்தன மரம் சாச்சிச்சி?" என்று கேட்டுச் சிரித்தார்கள். ஒரு மனிதர் ஒழுங்காகச் சாப்பிடுவதுகூட இன்னொருவருக்கு எரிச்சலாக இருக்க முடியும் என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன்.

பள்ளி விடுமுறையில் காஜாங்கில் ஒரு வேலை வந்தது. ஓர் ஆன்டியின் வீட்டுக்குப் பின்னால் பெரிய தூங்குமூஞ்சி மரம், பாதி அடுத்த வீட்டுக் கூரைமேல் நின்றது. நானும் லோரியில் தொற்றிக்கொண்டேன். அண்ணன் மெஷினை இடுப்பில் தொங்கவிட்டு ஏறினார். அப்பா கூரைக்கு அந்தப் பக்கம் நின்று, அறுத்த கிளைகளைக் கயிற்றில் இறக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து அவருக்கு மேலே தெரியாது. எனக்கும் தெரியாது. இலைக்குள் சத்தம் மட்டும் கேட்டது. நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பார்த்தால் வயிறு எரியும்.

மத்தியானம் அண்ணன் இறங்குவதற்கு முன்னால் அப்பா தண்ணீர் குடிக்க வந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா, அண்ணன் ஒத்தக் கையிலதான் வெட்டுறாரு."

"நீ பாத்தியா?"

"பாத்தேன்பா."

அவ்வளவுதான். பொய் சொல்வது இவ்வளவு எளிதா என்று எனக்கே ஆச்சரியம்.

அண்ணன் இறங்கி வந்ததும் அப்பா, "கையக் காட்டு" என்றார். அண்ணன் வலது கையை நீட்டினார். "அது இல்ல. இன்னொன்னு." இடது உள்ளங்கை விரிந்தது. தோல் சிராய்ந்து, சிவந்து, மரப்பட்டைத் தூள் ஒட்டியிருந்தது. அப்பா அதை வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் பாட்டில் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார்.

"தம்பி சொல்றான், ஒத்தக் கையில வெட்டுனியாமே?"

அண்ணன் என்னைப் பார்த்தார். 'இவன் பொய் சொல்றான் சித்தப்பா' என்று ஒரு வார்த்தை போதும், அப்பாவின் கை என் கன்னத்தில் இருக்கும். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆமா சித்தப்பா."

"சரி. நீ கீழ நில்லு. பெரிய மெஷின எடுத்துக்க. நான் ஏறுறேன்."

அப்பாவுக்கு அப்போதே முட்டி வலி. துண்டை இறுக்கி முட்டியில் கட்டிக்கொண்டு, பெல்ட்டில் இரண்டு துளை தளர்த்திக்கொண்டு ஏறினார். தேத்தண்ணீர் கொண்டுவந்த வீட்டுக்கார ஆன்டி அண்ணாந்து பார்த்துச் சிரித்தார். "என்ன அண்ணே, எளவட்டம் கீழ நிக்கிது, கெழவன் மேல தொங்குது?"

"மேல காத்து நல்லா வருது லா, ஆன்டி. கீழ ஒரே கொசு" என்று அப்பா மேலிருந்தே பதில் சொன்னார்.

நான் ஜெயித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். சொந்த மகன் பேச்சைத்தான் அப்பா நம்பினார். ஆனால் அந்தச் சந்தோஷமும் முழுசாக இல்லை. சின்ன மெஷின் இப்போது அப்பாவிடம் இருந்தது, என்னிடம் வரவில்லை. வேலை முடிந்ததும் அண்ணன் தன் காசில் சாத்தே, குச்சியில் குத்திச் சுட்ட கறி, வாங்கி வந்தார். எல்லாவற்றையும் என் முன்னால் வைத்தார், தான் ஒரு குச்சிகூட எடுக்கவில்லை. லோரியில் ஜன்னலோர இடத்தையும் எனக்கு விட்டார். ஏமாற்றி என்னை மயக்கப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டே கடைசிக் குச்சிவரை தின்றேன்.

அதன்பிறகு அண்ணன் மரம் ஏறவில்லை. ஒரு வருடத்தில் தொழிற்சாலை வேலைக்குப் போய்விட்டார். முட்டியில் துண்டைக் கட்டிக்கொண்டு அப்பாவே ஏறினார், எனக்கு வயது வரும்வரை.

இருபத்தோரு வயதில் நான் முதல்முறை மேல்பிடி மெஷினோடு மரத்தில் ஏறினேன். எஞ்சினை முடுக்கினேன். இரண்டு கையும் மெஷினில் இருந்தால் மரத்தைப் பிடிக்கக் கை இல்லை, இடுப்பில் இருக்கும் பெல்ட்டை மட்டும் நம்பிச் சாய வேண்டும். கீழே பார்த்தேன். என் இடது கை என்னைக் கேட்காமலே மெஷினை விட்டுவிட்டுப் பக்கத்துக் கிளையை இறுக்கிக் கட்டிக்கொண்டது. அப்படியேதான் அன்றைய கிளைகளை வெட்டினேன். இறங்கி வந்து பார்த்தபோது உள்ளங்கைத் தோல் சிராய்ந்து, பட்டைத்தூள் ஒட்டியிருந்தது.

அன்று அண்ணனின் உள்ளங்கையும் இப்படித்தான் இருந்தது. நான் சொன்ன பொய் பொய்யே இல்லை. அன்று அப்பா நம்பியது என் பேச்சையும் அல்ல. பெரியப்பா மகன் மேலே நடுங்கிக்கொண்டிருந்தான் என்பதை அந்தக் கையைப் பார்த்தவுடனே தெரிந்துகொண்டார். அதை யாருக்கும் சொல்லவில்லை, அவனிடமும் கேட்கவில்லை. கொசு என்று சொல்லிவிட்டார்.

அண்ணன் இப்போதும் தீபாவளிக்கு வருவார். அறுபதை நெருங்குகிறார். வந்தால் முதலில் என்னைத்தான் தேடுவார். சொந்தத்தில் மற்றத் தம்பிகளிடம் இல்லாத ஒரு மரியாதை என்னிடம். நான் அன்று மேலே பார்த்தேன், அவர் பயத்தைப் பார்த்தேன், பார்த்தும் கையைப் பற்றி மட்டும் சொல்லிவிட்டு மற்றதை மறைத்தேன் என்று அவர் நம்புகிறார். அதற்குத்தான் அந்தச் சாத்தே. பொறாமையில் நான் நிமிர்ந்தே பார்க்கவில்லை என்று அவரிடம் சொல்ல இத்தனை வருடமாக எனக்கு வாய் வரவில்லை.

கிள்ளான்,
ஆடி மாதம், இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை.