கூட்டிப்போக ஆள் இருக்கிறதா?

போன வருடம் பெப்ரவரி மாதம். லண்டன் மோர்டனில் என் வீட்டு வாசலில் காலை எட்டரை மணியிலிருந்து கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு நின்றேன். எட்டே முக்காலுக்கு வரவேண்டிய மினிபஸ் ஒன்பதரை ஆகியும் வரவில்லை.

என் வலது கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. மிஞ்சிய இடது கண்ணைக் காப்பாற்ற ஆறு வாரத்துக்கு ஒருமுறை கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். ஊசி பிந்தினால் போகிற பார்வை திரும்பி வராது என்று டொக்டர் முதல் நாளே சொல்லிவிட்டார். பஸ் நம்பர்கூட எனக்குத் தெளிவாகத் தெரியாது. அதனால் எங்கள் பகுதிக் கவுன்சில் கொடுக்கும் காசில் ஒரு தொண்டு நிறுவனம் ஓட்டும் அந்த மினிபஸ்தான் என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்து விடும். இரண்டு வருடத்தில் ஒரு நாளும் பிந்தியதில்லை.

அவர்களுடைய அலுவலகத்துக்குப் போன் எடுத்தேன். பட்டியலில் என் பெயர் இல்லை என்றார்கள். எப்படி இல்லாமல் போகும்? கடிதம் போட்டிருக்கிறோமே என்றார்கள். கடிதம் வந்துதான் இருக்கும். அதை வாசிக்கக் கண் இருந்தால் நான் ஏன் அவர்களுடைய பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறேன்?

வேறு வழியில்லாமல் தெருவில் இறங்கினேன். நிறுத்தத்தில் நின்ற ஒரு பிள்ளையிடம் நம்பரைக் கேட்டு ஏறினேன். பஸ் சரி, போன திசைதான் பிழை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர மத்தியானமாகிவிட்டது. ஊசி போடுகிற டொக்டர் போய்விட்டார். நான் கதிரையில் இருந்து அழுததைப் பார்த்த நேர்ஸ் ஓடித் திரிந்து ஒன்பது நாள் கழித்து ஒரு இடம் பிடித்துத் தந்தா. "இதையும் விட்டால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது" என்றும் சொன்னா. பிறகு மகனுக்குப் போன் போட்டா.

என் மகன் லண்டன் பஸ் சாரதி. ஊரையெல்லாம் ஏற்றி இறக்குகிறவன், தாயை ஏற்ற நேரமில்லாதவன் என்று பகிடிக்குச் சொல்வேன். அவனுடைய ஷிப்ட் பல வாரங்களுக்கு முன்பே எழுதியாகிவிடும். இடையில் லீவு கேட்பது லேசில்லை. எனக்கு ஊசி நாள் வரும்போதெல்லாம், "நான் வரட்டோ அம்மா?" என்று கேட்பான். "எனக்குப் பஸ் வருது, நீ உன்ரை வேலையைப் பார்" என்பேன். அவனும் விட்டுவிடுவான்.

அந்த வாரமே அவனுக்கு ஓய்வு நாள் வந்தது. கவுன்சில் காசு குறைந்ததால் எனக்கு இடமில்லை என்று அந்தக் கடிதத்தில் வாசித்துவிட்டு, கோபத்தோடு என்னைக் காரில் ஏற்றிக்கொண்டு அந்த அலுவலகத்துக்குப் போனான்.

"வருத்தக்காரரின்ரை பஸ்ஸிலயோ கவுன்சில் கை வைக்கிறது? இண்டைக்கு ரெண்டிலை ஒண்டு பாக்கிறன்" என்று வழி முழுக்கப் புறுபுறுத்தான். நானும் சும்மா இருக்கவில்லை, என் பங்குக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டே போனேன்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண் கத்தவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. கவுன்சில் காசைக் குறைத்தது உண்மைதான் என்றார். அதனால் பெப்ரவரியிலிருந்து கூட்டிப்போக ஆளில்லாதவர்களுக்கு மட்டும்தான் இடமாம். ஒக்டோபரில் எல்லோருக்கும் போன் போட்டுக் கேட்டார்களாம். என் பதிலைக் கணினியில் பார்த்து வாசித்தார். 'மகன் கூட்டிப்போவார். என்னைத் தனியே போக விடவே மாட்டார்.'

நானா சொன்னேன்? பிறகுதான் மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. ஒக்டோபர் செபமாலை மாதம். அன்று பின்னேரம் எங்கள் தேவாலயப் பங்குப் பெண்கள் ஆறு பேர் என் வீட்டில் செபமாலை சொல்ல வந்திருந்தார்கள். செபம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும்போது போன் வந்தது. நான் எப்போதும் ஸ்பீக்கரில்தான் கதைப்பேன். தன் மகன் தன்னைப் பிரான்ஸில் லூர்து மாதா கோயிலுக்குக் கூட்டிப்போன கதையை ஒருத்தி அப்போதுதான் சொல்லி முடித்திருந்தா. அந்த நேரம் பார்த்து, உங்களைக் கூட்டிப்போக யாராவது இருக்கிறார்களா என்று போனில் கேட்டால் நான் என்ன சொல்வது? ஆறு பேருக்கு முன்னால் பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுக்க எனக்கு வாய் வரவில்லை. "குடுத்து வைச்சனீங்கள் அக்கா" என்று ஒருத்தி சொன்னதும் ஞாபகம் வந்தது. அன்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"அம்மா, எனக்குப் பஸ் வருது எண்டு சொன்னனீங்கள். இவைக்கு நான் வாறன் எண்டு சொல்லியிருக்கிறியள்."

காசை வெட்டிய கவுன்சிலைக் கோபிப்பதா, வாயைக் கொடுத்த என்னைக் கோபிப்பதா, நான் சொன்னதை அப்படியே நம்பிய அவனைக் கோபிப்பதா, ஒன்றும் விளங்கவில்லை. வரும்போது இருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்றே தெரியவில்லை.

அந்தப் பெண் புதிதாக ஒரு படிவத்தைத் திறந்து அதே கேள்வியைக் கேட்டார். கூட்டிப்போக ஆள் இருக்கிறதா? நான் மகன் பக்கம் திரும்பினேன். எனக்கு இங்கிலீஷ் விளங்கவில்லை என்று நினைத்து இன்னும் ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார். மகன் இருக்கிறார், நல்ல பிள்ளை, ஷிப்ட் வேலை என்று நான் இழுத்தேன். அதையெல்லாம் எழுத இடமில்லையாம். ஓம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதானாம்.

பக்கத்துக் கதிரையில் இருந்த மகன் சுவரைப் பார்த்தபடி, "இல்லையெண்டு சொல்லுங்கோ அம்மா" என்றான்.

"இல்லை" என்றேன். அவன் கார் நிறுத்திய இடத்தைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழும்பி வெளியே போனான். திரும்பி வந்து பக்கத்தில் இருந்தபோது அவன் கண் சிவந்திருந்தது எனக்கே தெரிந்தது.

ஒன்பதாம் நாள் காலை எட்டே முக்காலுக்கு மினிபஸ் வாசலில் நின்றது. ஊசியும் போட்டாயிற்று. கண்ணில் இருக்கிற பார்வை இன்னும் இருக்கிறது. பெற்ற பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எனக்கு ஆளில்லை என்று சொல்லித்தான் அதைக் காப்பாற்றிக்கொண்டேன்; அன்று சொன்னது உண்மையா, ஒக்டோபரில் சொன்னது உண்மையா என்பது மட்டும் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை.