பின்னால் வந்த இரண்டு விளக்குகள்

செலஸ்தே போர்பா யாரையும் எளிதில் நம்புகிறவள் அல்ல. பால் கெடவில்லை என்று கட்டின புருஷனே சொன்னாலும் மோந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் வைப்பாள். துலாரி பக்கம் பாதாம் லாரி ஓட்டுகிறவளுக்கு அந்தக் குணம் வேண்டியதாகவும் இருந்தது. குளிர்காலத்தில் அங்கே மூடுபனி இறங்கினால் லாரியின் மூக்கே தெரியாது. ரேடியோவை அணைத்து, கண்ணாடியை இறக்கி, குறுக்குச் சாலை வரும்போதெல்லாம் நின்று காதுகொடுத்துக் கேட்ட பிறகே கடப்பாள். முன்னால் போகிறவனின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டு போகிறவர்களைக் கண்டால் அவளுக்கு எரிச்சல். அவன் தன் வீட்டுக் கொல்லைக்குள் நுழைந்தால் நீயும் நுழைவாயா என்று கேட்பாள்.

பக்கத்துத் தோட்டத்தில் ஒரு லாரிப் பாதாம் அப்போதுதான் களவு போயிருந்தது. அதனால் அன்று காலை மூடுபனிக்குள், நெடுஞ்சாலையில் பின்னால் ஒட்டிக்கொண்ட இரண்டு விளக்குகளைப் பார்த்ததும் அவளுக்குச் சந்தேகம் தட்டியது. வேகத்தைக் குறைத்தாள், அவையும் பின்தங்கின. நெடுஞ்சாலையை விட்டு இறங்கினாள், அவையும் இறங்கின. தனக்கு வேலையே இல்லாத தோப்புச் சாலை ஒன்றில் வேண்டுமென்றே லாரியைத் திருப்பினாள். அங்கேயும் வந்தன. திருடனேதான்.

பாழடைந்த மாட்டுப் பண்ணைக்குள் லாரியை ஒதுக்கி, எஞ்சினையும் எல்லா விளக்குகளையும் அணைத்தாள். பிரேக்கிலிருந்து காலையும் எடுத்தாள்; மிதித்திருந்தால் சிவப்பு எரிந்து காட்டிக்கொடுத்துவிடும்.

டயர்ச் சத்தம் நெருங்கி, அவளைக் கடந்து நேரே போனது. தொலைந்தான் என்று மூச்சு விட்டவளுக்கு அப்போதுதான் உறைத்தது, அந்தச் சாலை நேரே போய் முடிவது கால்வாயில். திருடனே ஆனாலும் சாகவிட மனம் வரவில்லை. விளக்குகளைப் போட்டு, ஹாரனை விடாமல் அழுத்தினாள்.

கார் நின்றது. சமையல்காரர் உடுப்பில் ஒரு கிழவர் இறங்கி வந்தார். எபிஃபானியோ சவாலா என்று பெயர் சொன்னார். செலஸ்தேயின் கையில் இரும்புக் கம்பி இருந்தது.

"ஏம்மா லைட்ட அணச்சீங்க? அதப் புடிச்சுத்தானே வந்தேன்."

"இந்தத் தோப்புக்குள்ள உமக்கு என்னய்யா வேலை?"

"எனக்கென்ன வேலை? நான் ஃப்ரெஸ்னோ போகணும். உங்களுக்குப் பாதை தெரியுதுன்னு நெனச்சேன்."

"எனக்கும் ஒண்ணும் தெரியல" என்றாள்.

அப்போதும் அவள் நம்பவில்லை. காரின் பின்பெட்டியைத் திறக்கச் சொன்னாள். ஒரு வெங்காய மூட்டைதான் இருந்தது. பிறகு டார்ச்சடித்துக் கால்வாயைக் காட்டினாள். கார் நின்ற இடத்திலிருந்து நாலடி. கிழவர் இரண்டடி பின்வாங்கினார். அவரை முன்னால் போகச் சொன்னாள்; மாட்டேன் என்றுவிட்டார். வேறு வழியில்லாமல் அவளே முன்னால் போனாள்.

நெடுஞ்சாலை வரும்வரை பக்கக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே வந்தாள், அந்த இரண்டு விளக்குகளும் பின்னால் இருக்கவேண்டுமே என்ற பயத்தில்.