ஏழாவது பாட்டைப் பாடியவர்

சத்தியபாமாவுக்கு வேலை, பழைய இசைத்தட்டுகளின் கரகரப்பை எடுத்துக் குரலைத் துலக்குவது. புலம்பெயர்ந்து வந்த ஐரோப்பிய நகரத்தில், குறொன்லாண்ட் பகுதியில் ஒரு மாடியறை. பக்கத்து மேசையில் சென்னைக்காரன் பாலா, தொகுப்புத் தட்டுகள் வெளியிடுகிறவன். இந்த முறை ஜமெய்க்கா. அங்கே ஒலிப்பதிவுத் தொழில் தவழத் தொடங்கிய காலத்துப் பாட்டுகள்.

ஏழாவது பாட்டுதான் அவளைப் பிடித்துக்கொண்டது. அந்த நாளில் தெருவில் பெரிய பெரிய ஸ்பீக்கர் அடுக்கி ஆட்டம் நடத்தியவர்கள், என்ன பாட்டென்று போட்டிக்காரனுக்குத் தெரியக்கூடாதென்று தட்டின் லேபிளைச் சுரண்டிவிடுவார்களாம். நல்ல கெட்டித்தனம், போங்கள்! பாடியவனின் பெயரும் அதோடு போயிற்று. அந்தக் குரல் வீடு திரும்பும் ஸ்டோவ்னர் ரயிலில் அவளோடு ஏறியது, சமைக்கும்போது குசினியிலும் வந்து நின்றது. அவளுக்குப் பயமாகவே இருந்தது.

"பாடியவர் தெரியாதுன்னு போட்டா நல்லாவா இருக்கும்? ஏதாவது ஒரு பேரைப் போட்டுடலாங்க," என்றான் பாலா.

"ஆற்றயோ பேரை அந்த மனுசன்ர தலையில கட்டாதேங்கோ. நான் விடமாட்டன்."

பாட்டின் துண்டொன்றை இணையத்தில் போட்டார்கள். என் புருஷனாக இருக்கலாம் என்று கிங்ஸ்டனிலிருந்து ஒரு கிழவி தொடர்புகொண்டாள். சத்தியபாமா வீடியோ அழைப்பில் முழுப்பாட்டையும் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்ட கிழவி, இது அவரில்லை என்றாள். ஆனாலும் அவர் பெயரையே போடு பிள்ளை, அவரும் பாடினவர்தான், ஒரு தட்டும் மிஞ்சவில்லை என்றாள்.

சண்டைக் காலத்தில் ஊரில் முகம் சிதைந்த ஒரு உடலைக் காட்டியபோது, "ஓம், என்ர பிள்ளைதான்" என்று வாங்கி எரித்தவள் சத்தியபாமாவின் அம்மா. காணாமல்போன அண்ணனுக்கு ஒரு கால்விரல் இல்லை. அந்த உடலுக்குப் பத்தும் இருந்தன. அந்தப் பொய்க்காக அம்மாவோடு கடைசிவரை அவள் முகம்கொடுத்துக் கதைக்கவில்லை.

"என்னங்க, அவர்தானா?" என்றான் வெளியே போய் வந்த பாலா.

"ஓம், அவர்தான்."

தட்டு வெளியான கிழமை, லண்டனிலிருந்து ஒரு ஜமெய்க்காப் பெண் தொலைபேசியில் பேசினாள். ஏழாவது பாட்டைக் கேட்டதும் செத்துப்போன அப்பாவே வந்து பாடுகிறார் என்று அழுதுவிட்டாளாம். பிறகு உறையைப் பார்த்தால் வேறு பெயர். என் காதுதான் பிழை, நேரத்தை வீணாக்கியதற்கு மன்னித்துவிடுங்கள் என்றாள். சத்தியபாமா வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாள்.